எமது ஆங்கில வகுப்பறையின் கதை

பழைய மாணவியர் சங்கம் நூற்றாண்டு காணும் இவ்வேளையில், எம்மில் பலர் பயந்து பயந்து நுழைந்த ஆங்கில வகுப்பறை பற்றியும் சில பக்கங்கள் எழுதப்பட வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் ஆங்கிலமும் தமிழும் பகையாக வளர்ந்தவை அல்ல. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் இரண்டும் அருகருகே கற்பிக்கப்பட்டன. மறு ஆண்டே உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலை எழுந்தது. 1847இல் இங்கு வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்தார். பின்னர் தமிழுக்கு மாறி, மருத்துவ நூல்களையும் தமிழில் வெளியிட்டார்.

1945இல் வந்த இலவசக் கல்வியும், தொடர்ந்து படிப்படியாக வந்த தாய்மொழிப் போதனையும் ஏழைப் பிள்ளைகளுக்கும் உயர்கல்வியின் கதவைத் திறந்தன. ஆனால் ஆங்கிலம் ஒரு பாடமாகச் சுருங்கியது. பாடநூலை வாசிப்பதும் வினாக்களுக்கு விடை எழுதுவதுமே பல இடங்களில் வழக்கமாயின. மருத்துவபீட விரிவுரைகளோ ஆங்கிலத்திலேயே நடந்தன. உயர்தரத்தில் திறமைச் சித்தி பெற்ற பிள்ளைகளும் அங்கே முதல் மாதங்களில் வாயடைத்து நின்றார்கள்.

தொண்ணூறுகளில் நாங்கள் படித்தபோது குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்கும் பற்றரிக்கும் தட்டுப்பாடு, கொப்பிகூட அரிது. அந்த இல்லாமைக்குள்தான் எமது ஆசிரியைகள் புதுவழிகள் கண்டார்கள். பால்மா ரின்னில் ஒட்டியிருந்த தாளும் மருந்துப் பெட்டிக்குள் இருந்த குறிப்பும் வாசிப்புப் பாடமாயின. சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்ட பிள்ளை, மறுநாள் மூன்று செய்திகளை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். சுவரில் ஒட்டிய பந்தியை ஒருத்தி ஓடிப்போய் வாசித்து, மனதில் வைத்துவந்து சொல்ல, அடுத்தவள் எழுதுவாள். ஒரு தாள் முழு வகுப்புக்கும் போதும். வாசித்தல், பேசுதல், கேட்டல், எழுதுதல் நான்கும் அதற்குள் அடங்கிவிடும்.

எனக்கு மிகவும் பயன்பட்டது வைத்தியசாலை விளையாட்டு. நோயாளி தமிழில் வருத்தத்தைச் சொல்வாள். தாதி அதை ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்வாள். வைத்தியர் ஆங்கிலத்தில் குறித்துக்கொண்டு தமிழில் ஆறுதல் கூறுவாள். “நெஞ்சுக்குள்ள பாரமாக் கிடக்கு” என்பதை எப்படிச் சொல்வது என்று வகுப்பே யோசிக்கும். பிழைவிட்டால் யாரும் சிரிக்கக்கூடாது என்பதே ஒரே விதி. இன்றும் நோயாளி தமிழில் சொல்வதைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுவதே என் அன்றாட வேலை. அந்த ஆசிரியைக்குப் பின்னாளில் ‘செயற்பாட்டு முறைக் கற்பித்தல்’ என்ற பெயர் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருந்திருக்கலாம். பேசப் பயப்படும் பிள்ளைக்குப் பேச ஒரு காரணம் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

2001 முதல் விரும்பிய பாடசாலைகளில் ஆங்கிலமொழி மூலம் மீண்டும் வந்துள்ளது. கைத்தொலைபேசியில் அகராதியும் உண்டு. ஆயினும் கூச்சம் அப்படியேதான் இருக்கிறது.

ஆகவே உலகெங்கும் வாழும் சகோதரிகளே, பாடசாலைக்குக் கணினி அனுப்புவதோடு நின்றுவிடாதீர்கள். மாதத்தில் ஒருநாள், அரைமணி நேரம், ஒரு வகுப்புப் பிள்ளைகளோடு இணையவழியில் ஆங்கிலத்தில் கதையுங்கள். உங்கள் வேலையைப் பற்றிக் கேள்வி கேட்கவிடுங்கள், பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எமது ஆசிரியைகளுக்கு நாம் செலுத்தக்கூடிய குருதட்சணை அதுவே.