இராமானுசன் அட்டவணையில் விடுபட்ட எண்

சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பத்தினராகிய நாம், கணிதமேதை இராமானுசனின் பெருமையை நம் மக்களுக்குக் கூறுங்கால் 1729 என்னும் வாடகை வண்டி எண்ணோடு அமைந்துவிடுகிறோம். ஈண்டு வேறொரு பேரெண்ணைக் காண்போம்.

12 இலட்டுகளை மிச்சமின்றிப் பங்கிட 1, 2, 3, 4, 6, 12 என ஆறு வகுஎண்கள் உள. 12க்குச் சிறிய எவ்வெண்ணுக்கும் ஆறு இல்லை. இங்ஙனம் தன்னிற் சிறிய எண்களையெல்லாம் வகுஎண் மிகுதியால் வெல்லும் எண்ணை மிகுபகு எண் எனலாம். நம் முன்னோர் ஒன்றை 320 கூறாக்கி, ஒரு கூற்றினை முந்திரி என வழங்கினர். 320க்கு வகுஎண்கள் 14. அதனை மூன்றாகப் பகுக்க இயலாது. மிகுபகு எண்ணாகிய 360க்கோ 24.

1910 திசம்பரில் வேலையின்றி அலைந்த இராமானுசன், நெல்லூர் ஆட்சியராயிருந்த இராமச்சந்திர ராவைக் கண்டார். மாதம் 25 ரூபாய் உதவி கிடைத்தது. அந்நாளைய நெல்லூர் மாவட்டத்துச் சூளூர்ப்பேட்டை 2022 முதல் நம் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. ஆதலின் அவ்வுதவியின் வரலாறு நமக்கு அண்டை வீட்டு வரலாறே.

1914இல் கேம்பிரிட்ஜ் சென்ற அவர், 1915இல் மிகுபகு எண்களைப் பற்றிய நெடிய ஆய்வுரையை வெளியிட்டார். 1916இல் பட்டம் பெற்றுத் தந்ததும் அதுவே. அதிலுள்ள அட்டவணை 6,74,632 கோடியே 83 இலட்சத்து 88 ஆயிரத்து 800இல் முடிகிறது. இதன் வகுஎண்கள் 10,080. கணிப்பொறி இல்லாக் காலத்தில் கையால் ஆக்கிய கணக்கு!

ஆயினும் அவ்வட்டவணையில் ஓர் எண் விடுபட்டது: 29,331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600. 64, 81, 25, 49, 11, 13, 17, 19 ஆகியவற்றைத் தொடர்ந்து பெருக்கினால் இது கிடைக்கும். இதனை 23ஆல் பெருக்கினால் அட்டவணையின் இறுதி எண்ணே வந்து நிற்கும். இதன் வகுஎண்கள் 5,040, 5,040க்கு வகுஎண்கள் 60, 60க்கு 12, 12க்கு 6, 6க்கு 4. அத்தனையும் அக்குலத்து எண்களே!

இவ்விடுபாட்டைச் சொன்னால் மேதையின் புகழ் குன்றுமோ என அஞ்சவேண்டா. எல்லாம் கனவில் அருளப்பெற்றவை என்று மட்டும் கேட்டு வளரும் பிள்ளை, தனக்கு அக்கனவு வாராதென்று எழுதுகோலைக் கீழே வைத்துவிடும். விடுபட்ட எண்ணோ, அங்கே ஒரு மனிதர் தாளும் கையுமாக உழைத்தார் என்பதற்குச் சான்று. இன்றிரவு நம் பிள்ளைகளுடன் அமர்ந்து அவ்வெட்டு எண்களையும் பெருக்கிப் பார்ப்போம். இடையில் பிழை நேர்ந்தால் மீண்டும் பெருக்குவோம்.