மூளைக்குப் பரவிய புற்றுநோய்: "கரன்டு" வச்சா போதாதா?

1/ அம்பாசமுத்திரம் பக்கத்து அம்மா ஒருவர். நுரையீரல் புற்றுநோய் மூளைக்குப் பரவியிருந்தது. மகன் கேட்டார்: "கரன்டு வைக்கப் போறீயள்லா சார், பிறகு மாத்திரை எதுக்கு? ரெண்டும் சேந்தா அம்மைக்கு உடம்பு தாங்குமா?"

நியாயமான கேள்வி. இதுக்கு ஒரு வரலாறு இருக்கு. பொறுமையா வாசிங்க.

2/ 1954. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் சென்னை அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்குகிறது. வெற்றிலை, புகையிலையால் வாய்ப்புற்று முற்றிய நிலையில் வருபவர்கள் ஏராளம். கதிர்வீச்சு மட்டும் போதவில்லை.

3/ அங்கே டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் ஒரு பிரிவினருக்குக் கதிர்வீச்சு மட்டும், இன்னொரு பிரிவினருக்கு அதோடு பிளியோமைசின் மருந்தும் கொடுத்து ஒப்பிட்டார்கள். 1977-ல் முடிவு வெளியானது. மருந்தும் சேர்ந்தவர்களுக்குக் கட்டி நன்றாகக் கரைந்தது.

4/ அப்போ மூளைக்கும் அதையே செய்யலாமே? அங்கேதான் சிக்கல். பாபநாசம் அணை நிறைஞ்சு கிடந்தாலும் மடை திறக்காட்டி வயல் காய்ஞ்சுதானே போகும்? மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர் அப்படியொரு மூடிய மடை. ரத்தத்தில் இருக்கும் பல மருந்துகளை அது உள்ளே விடாது. கதிர்வீச்சுக்கு அந்தத் தடை இல்லை. அதனால்தான் 1950-களிலிருந்து முழு மூளைக்கும் கதிர்வீச்சு கொடுத்தார்கள். ஆனால் நினைவாற்றல் குறையலாம்.

5/ மூளைக்குள் ஓரளவு நுழையும் டெமோசோலமைடு, எர்லோடினிப் மாத்திரைகளைக் கதிர்வீச்சோடு சேர்த்து அமெரிக்காவில் ஆய்வு நடந்தது. 2013-ல் முடிவு வந்தது: ஆயுள் கூடவில்லை, கடும் பக்கவிளைவுதான் கூடியது. மரபணு பார்த்து ஆள் தேர்ந்தெடுக்காமல் கொடுத்ததும் அந்த ஆய்வின் ஒரு குறை.

6/ பாடம் இதுதான். "ரெண்டும் சேர்த்தா ரெட்டிப்பு பலன்" என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. எந்த மருந்து, யாருக்கு, எப்போது என்பதே முக்கியம். ஈஜிஎஃப்ஆர் மரபணு மாற்றம் உள்ள நுரையீரல் புற்றுக்கு ஒசிமெர்டினிப் மாத்திரை மூளைக்குள்ளும் போய் வேலை செய்யும். சிலருக்கு மாத்திரையை முதலில் கொடுத்து, கதிர்வீச்சைத் தள்ளிவைக்கவும் முடிகிறது.

7/ அந்த அம்மாவுக்கு அந்த மாற்றம் இருந்தது. மகனிடம் சொன்னேன்: "நீங்க கேட்டதுதான் தம்பி சரியான கேள்வி. முதல்ல மாத்திரை. கரன்டு கையிருப்புல இருக்கட்டும்."

8/ உங்க வீட்டில் யாருக்காவது இந்த நிலை என்றால் கேளுங்க: "மரபணு டெஸ்ட் பார்த்தாச்சா?" மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. புற்றுநோயாளிக்குப் புதிதாக வலிப்பு, விடாத தலைவலி, வாந்தி வந்தால் நாளைக்குப் பார்ப்போம்னு இருக்காதீங்க. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.