சுரங்கத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் இருவர்

வேல்ஸ் நாட்டு ட்ரெடிகரில் 1897-இல் பிறந்தவர் அரசியல்வாதி அனைரின் பெவன். அமெரிக்காவின் கென்டக்கி மலையில், புட்சர் ஹாலோவில் 1932-இல் பிறந்தவர் பாடகி லொரெட்டா லின். இருவருக்கும் அப்பா நிலக்கரி வெட்டியவர், வீட்டில் வறுமை. நெஞ்சுரத்துக்கு இருவரையுமே எடுத்துக்காட்டுவார்கள். அந்த உரம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

பெவன் 13 வயதில் சுரங்கத்தில் இறங்கினார். பேச்சு திக்கும். பகலெல்லாம் கரி, மாலையில் தொழிலாளர் மன்ற நூலகம். நாக்கில் சிக்கும் சொல்லுக்கு மாற்றுச் சொல் தேடித் தேடியே சொல்வளம் பெருக்கிக்கொண்டார். அவரது உழைப்பு பெரிதுதான். ஆனால் அந்த நூலகம் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து கொடுத்த காசில் நடந்தது. ஊரின் மருத்துவ உதவிச் சங்கமும் அப்படியே. வாராவாரம் கூலியில் சில பென்னி பிடித்தம். நோய் வந்தால் டாக்டரும் மருந்தும் உண்டு. சுகாதார அமைச்சரானதும் இந்த ஏற்பாட்டைத்தான் நாடு முழுமைக்கும் விரித்தார் பெவன். 1948 ஜூலை 5 அன்று பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை தொடங்கியது.

அதே ஆண்டு ஜனவரியில் லின்னுக்குத் திருமணம். வயது 15. எட்டுப் பிள்ளைகளில் இரண்டாமவர். மரவீட்டுச் சுவரில் அம்மா பழைய பத்திரிகைத் தாள்களை ஒட்டியிருந்தார். அவற்றில் படமிருந்த நடிகை லொரெட்டா யங்கின் பெயரைத்தான் மகளுக்கும் வைத்தார். கணவர் வாங்கித் தந்த 17 டாலர் கிடாரில் தானாகவே வாசிக்கப் பழகி, பாட்டும் எழுதினார் லின். 1970-இல் சுரங்கத் தொழிலாளியின் மகள் என்றே தன்னைப் பாடினார். ஒளித்து வைக்க வேண்டியதாக எண்ணப்பட்ட வறுமையை மேடையேற்றிய துணிச்சல் அது. என்றாலும் அவரைத் தாங்கியது ஒரு குடும்பமும் ஒரு குரலும். பெவனுக்குப் பின்னால் ஓர் ஊரே இருந்தது. வறுமையை வென்ற கதைகளில் இந்த ஊரைத்தான் நாம் எளிதில் விட்டுவிடுகிறோம்.

கரித்தூசி இரண்டு அப்பாக்களையும் விடவில்லை. பெவனின் தந்தை 1925-இல் நுரையீரல் நோயால் மகனின் கைகளிலேயே இறந்தார். அந்நோய்க்கு அன்று இழப்பீடு கிடையாது. லின்னின் தந்தைக்கும் அதே நோய், 1959-இல் காலமானார். அமெரிக்காவில் நாடு முழுமைக்குமான இழப்பீட்டுச் சட்டம் வர இன்னும் பத்தாண்டுகள் ஆயின. 1968-இல் மேற்கு வர்ஜீனியாவின் ஃபார்மிங்டன் சுரங்க வெடிப்பில் 78 பேர் மாண்டனர். அடுத்த ஆண்டு அம்மாநிலத்தில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் அந்த நுரையீரல் நோய்க்கு இழப்பீடு கேட்டு வேலையை நிறுத்தினார்கள். அந்த ஆண்டே சட்டம் வந்தது.