கம்பியை விலைக்கு வாங்கிய ஊர்

ஜெர்மனியில் வீட்டு மின்கட்டணம் இரண்டு பகுதிகளைக் கொண்டது. விளக்கைப் போட்டாலும் போடாவிட்டாலும் கட்டவேண்டிய நிலைக்கட்டணம் ஒன்று, ஓடிய யூனிட்டுக்கு உரியது மற்றொன்று. நம் ஊர்களில் யூனிட் ஏற ஏற வீதமும் ஏறும். இங்கே சிக்கனக்காரருக்குத்தான் ஒரு யூனிட்டின் சராசரி விலை அதிகம். பல வருடங்களாக இந்த பில்லைக் கட்டிவரும் எனக்கு, அதற்குள் இருக்கும் அரசியலைக் காட்டியது ஷோனாவ் என்ற சிற்றூரின் கதை.

தென்மேற்கே, கருங்காடு எனப்படும் மலைப்பகுதியில் சுமார் 2,500 பேர் வாழும் ஊர் அது. 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தபின் கதிரியக்கத் தூசு மழையோடு தென் ஜெர்மனியிலும் இறங்கியது. பிள்ளைகளுக்கு எந்தப் பாலைக் கொடுப்பது, மணலில் விளையாட விடலாமா என்று பெற்றோர் சிலர் கூடிப் பேசினார்கள். ஊர் மருத்துவர் மிகாயேல் ஸ்லாடெக்கும் ஆசிரியையான அவர் மனைவி உர்சுலாவும் அதில் இருந்தனர். அணுமின்சாரம் வேண்டாமென்றால் முதலில் நாம் குறைக்கவேண்டும் என்று மின்சிக்கனப் போட்டிகள் நடத்தினார்கள். சிக்கனத்துக்கு ஏற்ற கட்டணம் தாருங்கள் என்று விநியோக நிறுவனத்தையும் கேட்டார்கள். மின்சாரம் விற்றுப் பிழைப்பவர் அதற்கு ஏன் இணங்கப்போகிறார்! (1898இல் ரைன் ஆற்று நீரில் மின்சாரம் எடுத்த ரைன்ஃபெல்டன் நிறுவனம்தான் அது.)

ஊர்த் தெருவில் கம்பி இழுக்கும் உரிமை, காலம் குறித்துத் தரப்படும் ஒப்பந்தம். அதை முன்கூட்டியே புதுப்பித்தால் 1 லட்சம் மார்க் தருவதாக நிறுவனம் சொன்னது. அதே தொகையை நாங்கள் தருகிறோம், புதுப்பிக்காதீர்கள் என்றார்கள் ஊர்க்காரர்கள். நகரசபை நிறுவனத்தின் பக்கமே சாய்ந்தது. விஷயம் வாக்கெடுப்புக்குப் போனது. 1991இல் 55.7 சதவீதம் பேர் ஊர்க்காரர்கள் பக்கம் நின்றார்கள். 1996இல் மறுபடியும் வாக்கெடுப்பு, இம்முறை 52.4தான். இத்தனை சிறிய ஊரில், எதிர்த்து வாக்களித்தவர் மறுநாள் காலை ரொட்டிக்கடையில் பக்கத்தில் நிற்பார். அந்த எண்ணை அப்படித்தான் என்னால் படிக்க முடிகிறது.

பிறகு விலை. 87 லட்சம் மார்க் என்றது நிறுவனம். ஊர்க்காரர்கள் அமர்த்திய நிபுணரின் கணக்கில் அது பாதிகூட இல்லை. பழைய மென்பொருளைக் கைமாற்றும் பேரங்களில் உட்கார்ந்து பழகிய எனக்கு இந்த இடைவெளி புதிதல்ல. ஆனால் அங்கே வாங்க வந்தவர்கள் பிள்ளை பெற்ற சாதாரணச் சனங்கள். அணு உலை விபத்தைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லையே எடுத்து, நானும் ஒரு விபத்துதான் என்று முகங்களோடு விளம்பரம் செய்து நாடெங்கும் நன்கொடை திரட்டினார்கள். ஆட்சேபத்தைப் பதிவுசெய்துவிட்டு 57 லட்சம் கட்டி, 1997 ஜூலை 1 அன்று கம்பியைக் கையில் எடுத்தார்கள்.

மறு ஆண்டே நாட்டின் மின்சந்தை திறந்தது. ஷோனாவின் மின்சாரத்தை நாட்டில் யாரும் வாங்கலாம் என்றானது. யூனிட்டுக்குச் சில காசு சேர்த்து வாங்கி, அதைப் புதிய சிறு மின்நிலையங்களுக்குக் கொடுத்தார்கள். ஊர்த் தேவாலயத்தின் கூரையில் சூரியத்தகடுகள் ஏறின. விலை பற்றிய வழக்கு மட்டும் பல வருடம் இழுத்தது. கடைசியில், கூடுதலாகக் கட்டிய பணத்தில் ஒரு பகுதி ஊருக்குத் திரும்பி வந்தது.