செஞ்சிக் கோட்டையும் மஞ்சள் மாத்திரையும்

போன மாசம் செஞ்சி போயிருந்தேன். ராஜகிரி ஏறி இறங்கி ஒதுங்கினா, சிறுநீர் பளிச்னு எலுமிச்சை மஞ்சள்! காமாலையேதான்னு வெலவெலத்துட்டேன். அப்புறம்தான் காலையில போட்ட பி காம்ப்ளெக்ஸ் ஞாபகம் வந்தது. ஹிஹி :-)

சரி, மேட்டருக்கு வருவோம். கீழே இருக்கிற நெற்களஞ்சியத்தைப் பார்த்ததும் இந்தக் கதைதான் மனசுல ஓடிச்சு. அரிசியைத் தீட்டத் தீட்ட தவிட்டோட பி1 போயிடும். அந்தக் குறைதான் பெரிபெரி. அதை ஆராய ராபர்ட் மெக்கரிசன் 1918-ல் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் ஒரே அறையில் தொடங்கியதுதான், 1958-ல் ஹைதராபாத் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமா வளர்ந்தது.

முதல்ல 'பி' ஒரே சத்துன்னு நினைச்சாங்க. சூட்டில் அழியுறது பி1, தாங்குறதுல ஒண்ணு பி2ன்னு பிறகு பிரிச்சாங்க. பி2 தான் ரிபோஃப்ளேவின். 1879-லேயே பிளைத் பாலில் பார்த்த மஞ்சள் நிறமி இது; 1935-ல் செயற்கையாவே தயாரிச்சாங்க. தண்ணியில கரையும். தேவைக்கு மிஞ்சினதை சிறுநீரகம் வெளியே தள்ள, நிறமும் கூடவே வருது. ஆபத்தில்லை.

சித்த வைத்தியத்தின் நீர்க்குறியிலும் நிறம், மணம், நுரை, எடை, எஞ்சல் பார்ப்பாங்க. ஆனா முந்தின நாள் அளவோட சாப்பிட்டிருக்கணும்கிறது நிபந்தனை. பயப்படறதுக்கு முன்னாடி நானும் அதைத்தான் யோசிச்சிருக்கணும்!

மாத்திரை போடாமலே டீ டிக்காஷன் மாதிரி கருத்து, கண்ணும் மஞ்சளானா, உடனே டாக்டர்கிட்ட ஓடுங்க மக்களே.