காற்று நிறுத்தி (கனரக வாகனங்கள்)

காற்று நிறுத்தி அல்லது ஏர் பிரேக் என்பது அழுத்தப்பட்ட காற்றின் விசையைக் கொண்டு வாகனத்தின் சக்கரங்களைத் தடுத்து நிறுத்தும் அமைப்பு ஆகும். இது சரக்குந்துகளிலும் பெரிய பேருந்துகளிலும் பயன்படுகிறது. மகிழுந்துகளில் பிரேக் எண்ணெய் செய்யும் வேலையை இங்கு காற்று செய்கிறது. கசிந்த எண்ணெய் திரும்ப வராது. காற்றையோ, கசிவு சிறிதாக இருக்கும்வரை, ஓடும் இயந்திரம் மீண்டும் நிரப்பிக்கொள்ளும்.

வரலாறு

அமெரிக்கரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869 இல் தொடருந்துகளுக்கான காற்று நிறுத்திக்குக் காப்புரிமை பெற்றார். அம்முதல் அமைப்பில் குழாய் அறுந்தால் நிறுத்தி செயலிழந்துவிடும். 1872 இல் அவர் இதனைத் தலைகீழாக மாற்றினார்: குழாயில் அழுத்தம் குறைந்தால் நிறுத்தி தானாகவே பிடித்துக்கொள்ளும்.

செயற்படும் விதம்

இயந்திரத்தால் இயங்கும் கம்ப்ரசர் காற்றை அழுத்திக் கலன்களில் சேமிக்கிறது. அழுத்தம் ஏறத்தாழ 8 பார் அளவை எட்டியதும் கவர்னர் என்னும் கருவி காற்றேற்றத்தை நிறுத்துகிறது. ஓட்டுநர் மிதியை அழுத்தும்போது வால்வு திறந்து, காற்று சக்கரத்தருகே உள்ள பிரேக் அறைக்குச் செல்கிறது. அங்குள்ள உதரவிதானம் ஒரு தண்டைத் தள்ள, ஸ்லாக் அட்ஜஸ்டர் வழியாக 'எஸ்' வடிவ கேம் திரும்பி, பிரேக் ஷூக்களை டிரம்மின் உட்புறத்தில் அழுத்துகிறது. காற்று குழாய்களைக் கடந்து செல்ல நேரம் பிடிக்கும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் அரை நொடித் தாமதம் என்பது 11 மீட்டர் தொலைவு.

காற்று முழுவதும் போய்விட்டால் பிரேக்கே இருக்காது என்று பலர் எண்ணுகின்றனர். இது பாதி உண்மையே. மிதியால் பயன் இராது. ஆனால் கை பிரேக்கில் உள்ள வலுவான சுருள்வில்லைக் காற்றழுத்தமே சுருக்கி வைத்திருக்கிறது. அழுத்தம் ஏறத்தாழ 3 பார் அளவுக்குக் கீழே இறங்கினால் வில் விரிந்து, பெரும்பாலும் பின்சக்கரங்களைப் பிடித்துக்கொள்ளும். வெஸ்டிங்ஹவுசின் அதே கருத்துதான்! காலையில் காற்று ஏறும்வரை வண்டியை நகர்த்த முடியாததற்கும் இதுவே காரணம்.

மலைப்பாதை

நீண்ட இறக்கத்தில் இக்காப்பு போதாது. தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடேறி விரிவடைகிறது. தண்டு மேலும் அதிக தொலைவு நகரவேண்டியுள்ளது. தளர்ந்த ஸ்லாக் அட்ஜஸ்டராயின் தண்டின் நகர்ச்சை அத்துடன் தீர்ந்துவிடும். அழுத்தமானி முழு அழுத்தம் காட்டும்போதே வண்டி நிற்காமல் போவது இதனால்தான். இறங்கத் தொடங்கும் முன்பே கீழ் கியருக்கு மாற்றி, எக்சாஸ்ட் பிரேக்கைப் பயன்படுத்த வேண்டும்.

பராமரிப்பு

கலன்களில் தேங்கும் நீரை நாள்தோறும் வடித்துவிட வேண்டும். உலர்த்தி பொருத்திய வண்டிகளிலும் வடித்துப் பார்ப்பது நல்லது. நீரோடு எண்ணெயும் வந்தால் கம்ப்ரசரைச் சோதிக்க வேண்டும். சுருள்வில் உள்ள பிரேக் அறையை எக்காரணம் கொண்டும் பயிற்சியற்றோர் கழற்றலாகாது. வில் தெறித்து உயிரிழந்தோர் உண்டு.