வாசகரை அறிதலும் வாசிப்பைக் கண்காணித்தலும்: ஆரணிக் கல்லூரி நூலகத் தளங்களை முன்வைத்து

முன்னுரை

ஆரணியிலும் சுற்றுவட்டாரத்திலும் பட்டுத் தறி ஓடும் வீடுகளிலிருந்து கல்லூரிக்கு வருவோரில் பலர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். வகுப்பு முடிந்ததும் தார் சுற்றவும் பாவு பிணைக்கவும் வீட்டில் ஆள் தேவைப்படும். நூலகம் திறந்திருக்கும் நேரத்தில் அங்கே உட்கார அவர்களுக்கு வாய்ப்புக் குறைவு. இரவில் கைபேசி வழியே நூலகத் தளத்தில் உள்நுழையும் இவர்கள் முன் எந்தப் பக்கம் விரிய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வினா. அப்பக்கத்தைப் படிப்பு, பருவம், மொழி, சந்தா உரிமை ஆகிய நான்கைக் கொண்டே அமைக்க வேண்டும், வாசகர் முன்பு எதைப் படித்தார் என்ற தடத்தைக் கொண்டு அமைக்கலாகாது என்பது இதன் வாதம்.

முன்னோடி முயற்சிகள்

வாசகருக்கேற்ப நூலகச் சேவையை அமைக்கும் சிந்தனை கணினியோடு பிறந்ததன்று. சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் கிடைப்பதையும் வாசகரின் நேரம் மிச்சமாவதையும் நூலகத்தின் கடமையாக்கினார். 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் 'மைலைப்ரரி' என்னும் தளத்தை உருவாக்கியது. அதில் தமக்கு வேண்டிய இதழ்களையும் தரவுத்தளங்களையும் வாசகரே தேர்ந்து தம் பக்கத்தை அமைத்துக்கொள்ளலாம்.

ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் சூசன் கிப்பன்ஸ் 2003இல் இம்முறையின் குறையைச் சுட்டினார். இளநிலை மாணவர் துறைவாரியாக யோசிப்பதில்லை. இந்தப் பருவத்தில் எடுத்திருக்கும் பாடத்தை வைத்தே யோசிக்கிறார். ஆகவே பாடத்துக்கொரு பக்கம் வேண்டும் என்றார். இது ஆரணிக்கு அப்படியே பொருந்தும். தச்சூரிலுள்ள அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி மாணவருக்குப் பாடக் குறியீடும், தாம் எந்த ஆண்டு ரெகுலேஷனின் கீழ்ப் படிக்கிறார் என்பதும்தான் முதல் அடையாளம். ரெகுலேஷன் மாறினால் பாடத்திட்டமும் பரிந்துரை நூலும் மாறும். இவ்விவரங்கள் சேர்க்கைப் பதிவேட்டிலேயே உள்ளன. உள்நுழைந்தவுடன் அவருடைய பாட நூல்களும் பழைய வினாத்தாள்களும் திறப்பதற்கு யாரையும் கண்காணிக்கத் தேவையில்லை.

உரிமையைக் காட்டும் பக்கம்

மின்னிதழ்ச் சந்தாக்கள் பல, வளாக இணைய முகவரியை வைத்தே கதவு திறக்கின்றன. வளாகத்தைத் தாண்டினால் கல்லூரி வழங்கும் உள்நுழைவே வழி. 2010இல் தொடங்கிய என்-லிஸ்ட் திட்டம், அதில் இணைந்த கல்லூரிகளின் மாணவர், ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் கணக்குத் தந்தது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் பெற்ற 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம், மூன்றாண்டுகளுக்கு ஏறத்தாழ 6,000 கோடி ரூபாயில், 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்களை அரசு நிறுவனங்களுக்குத் திறந்தது. அரசுக் கல்லூரி மாணவருக்குத் திறக்கும் கட்டுரை, அதே ஊரின் தனியார் கல்லூரி மாணவருக்குப் பூட்டிக் கிடக்கலாம். எது திறக்கும், எது திறக்காது, திறக்காததற்கு மாற்று எது என்று முன்கூட்டியே சொல்லும் பக்கமே உண்மையான தனிப்பயனாக்கம்.

தடத்தின் ஆபத்து

வாசிப்புத் தடத்தை வைத்துப் பரிந்துரைத்தால் மாணவர் அறியாத நல்ல நூல்களும் கண்ணில் படுமே என்பது எதிர்வாதம். பெரும் வணிகத் தளங்களில் அது பலிப்பதற்குக் காரணம் கோடிக்கணக்கான பரிமாற்றங்கள். சில நூறு மாணவர் கொண்ட கல்லூரியில் ஒரு நூலை எடுத்தவர் இருவரோ மூவரோதான். அங்கே 'இதைப் படித்தவர்கள் இதையும் படித்தார்கள்' என்ற வரி பரிந்துரையாகத் தேறாது. யார் படித்தார் என்பதை மட்டும் காட்டிக்கொடுத்துவிடும். வீட்டில் ஒரே கைபேசி பலரிடம் கைமாறும்போது, சாதி மறுப்புத் திருமணம் பற்றியோ மனநலம் பற்றியோ ஒரு மாணவி தேடியது அடுத்தவர் கண்ணில் படும்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்கிறது. அவர்களுடைய நடத்தையைக் கண்காணிப்பதையும் தடுக்கிறது. முதலாண்டு மாணவரில் 17 வயதினரும் உண்டு. கல்விச் செயல்பாடுகளுக்காகக் கல்வி நிறுவனங்களுக்கு விதிகள் சில விலக்குகள் தருகின்றன என்பது உண்மை. ஆனால் சட்டம் அனுமதிப்பதெல்லாம் நூலக அறத்துக்கு உகந்ததாகிவிடாது.

முடிவுரை

கண்காணிக்காத இத்தகைய பக்கத்துக்குப் பெருஞ்செலவு ஆகாது. நியூசிலாந்தில் உருவாகி 2000 முதல் புழக்கத்திலுள்ள கோஹா என்னும் கட்டற்ற மென்பொருளில், கடன் வரலாற்றை வைத்திருப்பதா அழிப்பதா என்பதை வாசகரே முடிவுசெய்யும் வசதி உண்டு. நூல் திரும்பியதும் வரலாறு அழிவதே பொது விதியாகவும், வைத்துக்கொள்வது ஆய்வு மாணவர் போன்றோர் கேட்டுப் பெறும் விலக்காகவும் இருக்கட்டும். பக்கம் தமிழிலும் திறக்கட்டும். உதவிக்கு அணுக வேண்டிய நூலகரின் பெயர் அதில் இருக்கட்டும். கல்லூரி நூலகக் குழுக்கள் மென்பொருள் வாங்கும் முன், எந்தத் தரவைச் சேகரிக்க மாட்டோம் என்பதைத் தீர்மானமாக எழுதி வைக்க வேண்டும்.